பேகனிசம் என்றால் என்ன? தோர் முதல் விக்கா வரை, திரும்பி வந்த பழைய சாமிகளின் கதை

'தோர்' படங்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் சுத்தியல், தலைக்கு மேல் இடி மின்னல். மார்வெலுக்கு அவர் ஒரு சூப்பர் ஹீரோ. ஆனால் ஐஸ்லாந்தில் இன்றைக்கும் அவர் சாமி. அரசிடம் பதிவுபெற்ற ஒரு மத அமைப்பு அவருக்கும் அவருடைய அப்பா ஓடினுக்கும் விழா எடுக்கிறது. அந்த அமைப்பின் பூசாரி நடத்திவைக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லும்.

ஏதோ ஒரு மூலையில் நடக்கிற வேடிக்கை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2021-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் 'பேகன்' என்று எழுதினார்கள். 2011-இல் அந்த எண்ணிக்கை சுமார் 57,000. இதுபோக, 'விக்கா' என்று எழுதியவர்கள் சுமார் 13,000 பேர்.

நம் போனிலும் இது வருகிறது. அக்டோபர் கடைசி ஆனால் போதும், மெழுகுவத்தி, கிரிஸ்டல், டேரட் கார்டு, "ஆமாம், நான் ஒரு விட்ச்" என்று சொல்லும் பெண்கள் என ரீல்ஸ் வரிசைகட்டும். பார்ப்பவர்களுக்கு இயல்பாகவே சில கேள்விகள் எழும். இது சாத்தான் வழிபாடா? உண்மையிலேயே பழைய மதமா, இல்லை புதிதாகக் கிளப்பிவிட்டதா? அப்படிப் பார்த்தால் நம் குலசாமி கும்பிடுவதும் பேகனிசம்தானா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'பேகன்': யார் வைத்த பெயர்?

லத்தீனில் 'பாகுஸ்' என்றால் கிராமப்புற வட்டாரம். அங்கே வசிப்பவர் 'பாகானுஸ்'. நம் ஊரில் 'பட்டிக்காட்டான்' என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அந்தத் தொனி. ரோமானியச் சிப்பாய்கள் இதே சொல்லைப் படையில் சேராத சாதாரண ஆட்களைக் குறிக்கவும் பயன்படுத்தினார்கள்.

4-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் கிறிஸ்தவம் பரவியபோது, இன்னும் பழைய தெய்வங்களையே கும்பிட்டவர்களை இந்தச் சொல்லால் குறிக்க ஆரம்பித்தார்கள். வட ஐரோப்பாவில் அதற்கு இணையாக வந்த சொல் 'ஹீத்தன்'.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்படி அழைக்கப்பட்டவர்கள் யாரும் தங்களைப் 'பேகன்' என்று சொல்லிக்கொண்டதில்லை. ஏதென்ஸில் அதீனாவைக் கும்பிட்டவருக்கும், எகிப்தில் ஐசிஸைக் கும்பிட்டவருக்கும், பால்டிக் காட்டில் இடிதெய்வம் பெர்கூனஸை வணங்கியவருக்கும் பொதுவாக எந்த மதமும் இல்லை. 'கிறிஸ்தவர் அல்லாதவர்' என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டினார்கள். அந்த மூட்டைக்கு வைத்த பெயர்தான் பேகனிசம்.

பழைய சாமிகள் எங்கே போனார்கள்?

கி.பி. 380-இல் பேரரசர் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை ரோமின் அதிகாரப்பூர்வ மதமாக்கினார். 391-392-இல் பலியிடுவதற்கும் கோவில் வழிபாட்டுக்கும் தடை வந்தது. அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற செராபிஸ் கோவில் இடிக்கப்பட்டதும் இந்தக் காலத்தில்தான்.

வடக்கே இது மெதுவாக நடந்தது. ஐஸ்லாந்து கி.பி. 1000 வாக்கில் தன் மக்கள் சபையில் கூடிப் பேசி கிறிஸ்தவத்துக்கு மாறியது. வீட்டுக்குள் ரகசியமாகப் பழைய சாமியைக் கும்பிட்டுக்கொள்ள முதலில் அனுமதியும் இருந்தது. கடைசியாக மாறிய நாடு லிதுவேனியா. அதன் ஆட்சியாளர் மதம் மாறியது 1386-இல். நம் கணக்கில் சொன்னால், விஜயநகர அரசு உருவாகி அரை நூற்றாண்டு ஆன பிறகு.

மதம் போனாலும் பழக்கவழக்கம் மொத்தமாகப் போய்விடவில்லை. கோடைத் திருநாளில் நெருப்பு மூட்டுவது, புனித ஊற்றுகளில் துணி கட்டுவது, அறுவடைச் சடங்கு, நாட்டுப்பாட்டு எனப் பல விஷயங்கள் கிறிஸ்தவப் புனிதர்களின் பெயரில் தொடர்ந்தன. ஆனால் அவற்றைச் செய்தவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்களாகவே கருதினார்கள். ரகசியமாக ஒரு பழைய மதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த கூட்டம் எதற்கும் ஆதாரம் கிடையாது.

அப்புறம் எப்படித் திரும்பி வந்தார்கள்?

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் தொழிற்சாலைகள் பெருகின. நகரங்கள் புகையில் மூழ்கின. அப்போது படித்தவர்கள் மத்தியில் ஓர் ஏக்கம் கிளம்பியது. காடு, மலை, கிராமம், கிறிஸ்தவத்துக்கு முந்தைய முன்னோர்கள் என்று கவிஞர்களும் ஓவியர்களும் பின்னோக்கிப் பார்த்தார்கள். கூடவே 'நம் இனம், நம் மொழி' என்ற தேசிய உணர்வும் வளர்ந்தது.

ஆதாரம் இல்லாத இடங்களைச் சிலர் கற்பனையால் நிரப்பினார்கள். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த யோலோ மோர்கனுக் 1792-இல் லண்டனின் ப்ரிம்ரோஸ் குன்றில் ஒரு சடங்கு நடத்தினார். பழங்கால ட்ரூயிட் குருமார்களிடமிருந்து வந்தது என்றார். அவர் காட்டிய ஏடுகளில் பல அவரே எழுதியவை என்று பின்னாளில் தெரியவந்தது. ஆனாலும் அவர் உருவாக்கிய சடங்கு வேல்ஸின் தேசியக் கலைவிழாவில் இன்றும் நடக்கிறது.

அடுத்த பெரிய திருப்பம் 1921-இல் வந்தது. மார்கரெட் முர்ரே என்ற எகிப்தியல் அறிஞர் ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று சொல்லிக் கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு ரகசியப் பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பது அவருடைய வாதம். வரலாற்றாசிரியர்கள் இதை முற்றாக நிராகரித்துவிட்டார்கள். அந்த வழக்குகளில் சுமார் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது இன்றைய ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலானோர் சாதாரணக் கிறிஸ்தவர்கள். அக்கம்பக்கத்துச் சண்டையிலும் சந்தேகத்திலும் மாட்டிக்கொண்டவர்கள்.

வாதம் தவறுதான். ஆனால் அந்தத் தவறிலிருந்துதான் ஒரு மதம் முளைத்தது.

விக்கா: இலங்கைத் தேயிலைத் தோட்டம் வழியாக வந்தவரின் மதம்

ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964) ஓர் ஆங்கிலேயர். 1900-இல், பதின்ம வயதிலேயே, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், அடுத்து சுங்கத் துறை அதிகாரி. மலாய் மக்களின் மந்திர நம்பிக்கைகளிலும் 'கெரிஸ்' என்ற குத்துவாளிலும் அவருக்குத் தீராத ஆர்வம். அந்த வாளைப் பற்றி 1936-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய கார்ட்னர், நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய விட்ச் குழு 1939-இல் தன்னைச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். வெளிப்படையாகப் பேச அவருக்குச் சட்டமும் வழிவிட்டது. சூனியம் தொடர்பான 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. அந்தச் சட்டம் கொஞ்சம் விசித்திரமானது. சூனியம் இருக்கிறது என்று அது நம்பவில்லை. தனக்கு அந்தச் சக்தி இருப்பதாகச் சொல்லி ஏமாற்றுபவர்களைத்தான் தண்டித்தது. 1954-இல் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற அவருடைய புத்தகம் வந்தது. விக்கா வெளியுலகுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அதில் என்ன இருக்கிறது? ஒரு பெண் தெய்வம், கொம்புள்ள ஓர் ஆண் தெய்வம். 'கவன்' எனப்படும் சிறு குழு. பெண் பூசாரிக்கு முக்கிய இடம். வட்டம் வரைந்து அதற்குள் சடங்கு. யாருக்கும் தீங்கு இல்லாதவரை உன் விருப்பப்படி நடந்துகொள் என்பதுதான் அடிப்படை ஒழுக்கம். சடங்குகளின் மொழியை அழகாக்கியவர் கார்ட்னரின் சீடர் டோரீன் வாலியன்ட்.

அமெரிக்காவுக்குப் போனதும் விக்கா வேறு வடிவம் எடுத்தது. 1970-களில் பெண்ணிய இயக்கம் அதைக் கையில் எடுத்தது. சாமி என்றாலே ஆண்தானா என்று கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குப் பெண் தெய்வத்தை மையத்தில் வைத்த ஒரு மதம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. 1979-இல் ஸ்டார்ஹாக் எழுதிய 'தி ஸ்பைரல் டான்ஸ்' சுற்றுச்சூழல் போராட்டத்தையும் சடங்கையும் இணைத்தது. 1988-இல் ஸ்காட் கன்னிங்ஹாம், குழுவே இல்லாமல் தனியாக விக்காவைப் பின்பற்றுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். இன்றைக்கு ரீல்ஸில் நாம் பார்க்கும் 'தனி விட்ச்' ஸ்டைலுக்குப் பாதை போட்டது பெரும்பாலும் அதுதான்.

ட்ரூயிட்கள்: ஸ்டோன்ஹெஞ்ச் யாருடையது?

ஜூன் 21 வாக்கில், ஆண்டின் மிக நீண்ட பகல் அன்று, ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கு நடுவே வெள்ளை அங்கி அணிந்தவர்கள் சூரிய உதயத்தை வரவேற்கும் படம் வருடாவருடம் செய்தியில் வரும். அவர்கள்தான் நவீன ட்ரூயிட்கள்.

பழங்கால ட்ரூயிட்கள் கெல்ட் இன மக்களின் குருமார்கள். தங்கள் சடங்குகளைப் பற்றி அவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஜூலியஸ் சீசர் மாதிரி எதிரிகளின் குறிப்பிலிருந்து வந்தது. ஸ்டோன்ஹெஞ்சோ அவர்களைப் பற்றிய முதல் குறிப்புக்கு 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே எழும்பியது. அதைக் கட்டியவர்கள் ட்ரூயிட்கள் இல்லை.

இன்றைய ட்ரூயிட் அமைப்புகளில் பெரிய ஒன்றை 1964-இல் தொடங்கியவர் ராஸ் நிக்கல்ஸ். இவரும் கார்ட்னரும் நண்பர்கள். பேகன்கள் இன்று கொண்டாடும் எட்டுத் திருநாள் சுழற்சிக்கு 1950-களில் வடிவம் கொடுத்ததில் இருவருக்கும் பங்கு உண்டு. அக்டோபர் 31-இல் சவுயின், டிசம்பரில் யூல், மே 1-இல் பெல்டேன் என்று போகும் பட்டியல் அது. இவற்றில் பல தனித்தனியாகப் பழையவை. எட்டையும் சேர்த்துக் கொண்டாடிய பழைய சமூகம் என்று ஒன்று இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

2010-இல் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் 'தி ட்ரூயிட் நெட்வொர்க்' அமைப்பை மத அறக்கட்டளையாகப் பதிவுசெய்தது.

ஆசத்ரு: ஐஸ்லாந்தின் பழைய தெய்வங்கள்

1972-இல் ஐஸ்லாந்தில் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் என்ற விவசாயக் கவிஞர் சிலரோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1973-இல் அரசு அதை மத அமைப்பாக ஏற்றது. 4 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள நாட்டில் இன்று அதில் 5,000-க்கும் அதிகமானோர் உறுப்பினர்கள். 2015-இல் ரெய்க்யவிக்கில் கோவில் கட்டும் பணியைத் தொடங்கினார்கள். கட்டுமானம் பல வருடம் இழுத்தது.

இவர்களிடம் ஒரு வசதி உண்டு. ட்ரூயிட்களுக்கு இல்லாத எழுத்து ஆதாரம். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக் கிறிஸ்தவர்களே பழைய புராணங்களையும் பாடல்களையும் 'எட்டா' நூல்களாக எழுதிவைத்துவிட்டார்கள்.

அப்படியானால் ஒற்றைக் கண் ஓடின் எட்டுக்கால் குதிரையில் பறக்கிறார் என்று நம்புகிறார்களா? அமைப்பின் இப்போதைய தலைவரும் இசையமைப்பாளருமான ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன் இதற்கு வெளிப்படையாகவே பதில் சொல்லியிருக்கிறார். அப்படி நேரடியாக நம்புவதில்லை, அந்தக் கதைகளை இயற்கையையும் மனித மனதையும் பேசும் கவிதை உருவகங்களாகப் பார்க்கிறோம் என்பது அவர் நிலைப்பாடு. எல்லா பேகன்களும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. தெய்வங்கள் நிஜமாகவே இருக்கிறார்கள் என்று உறுதியாக நம்புபவர்களும் உண்டு.

ரொமுவா: 'தேவஸ்' என்று சாமியை அழைக்கும் நாடு

லிதுவேனியாவின் ரொமுவா, இந்தியர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமாகத் தோன்றக்கூடியது. லிதுவேனிய மொழியில் கடவுள் 'தியேவஸ்', நெருப்பு 'உக்னிஸ்', மகன் 'சூனுஸ்'. சமஸ்கிருதத்தின் தேவ, அக்னி, சூனு ஞாபகத்துக்கு வருகிறதா? இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பம். நெருப்பு வளர்த்து, சுற்றி நின்று பாடுவதுதான் ரொமுவாவின் முக்கியச் சடங்கு. ஆனால் மொழி உறவை வைத்து 'அங்கேயும் நம் மதம்தான் இருந்தது' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடக் கூடாது. மொழிக்குச் சொந்தம் இருக்கிறது. அதைத் தாண்டி மதமும் ஒன்றே என்று சொல்ல அது போதாது.

1967-இல், சோவியத் ஆட்சிக் காலத்தில், யோனாஸ் ட்ரின்கூனஸும் நண்பர்களும் கெர்னவே என்ற பழைய தலைநகரில் கோடைத் திருநாளைக் கொண்டாடினார்கள். நாட்டுப்பாட்டு ஆர்வலர்கள் என்ற பெயரில்தான் செய்ய முடிந்தது. 1970-களின் தொடக்கத்தில் அதையும் அரசு முடக்கியது. சுதந்திரம் கிடைத்த பிறகு, 1992-இல் ரொமுவா மத அமைப்பாகப் பதிவானது.

பதிவு வேறு, 'அரசு அங்கீகாரம்' வேறு. அங்கீகாரம் கிடைத்தால்தான் ரொமுவா கல்யாணம் சட்டப்படி செல்லும், பள்ளியில் சமய வகுப்பு எடுக்க முடியும். அதைக் கேட்க 25 வருடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. காத்திருந்து கேட்டார்கள். கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். 2019-இல் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஜூனில் தீர்ப்பு வந்தது. நியாயமான காரணம் இல்லாமல் பாகுபாடு காட்டப்பட்டிருக்கிறது, மதங்கள் விஷயத்தில் அரசு நடுநிலையாக இருக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 2024 டிசம்பரில் அங்கீகாரம் கிடைத்தது.

இதே மாதிரி லாத்வியாவில் 1920-களில் தொடங்கிய தியேவ்துரி, கிரீஸில் ஒலிம்பஸ் தெய்வங்களை மீண்டும் வணங்கும் ஹெலெனிக் அமைப்புகள், ஸ்லாவ் நாடுகளில் 'ரோட்னோவெரி' என்று கிளைகள் பல உண்டு.

இவர்களுக்கெல்லாம் பொதுவாக என்ன இருக்கிறது?

எல்லோருக்கும் பொதுவான வேதநூல் இல்லை, போப் மாதிரி தலைவர் இல்லை, 'இதை நம்பினால்தான் நீ எங்கள் ஆள்' என்ற பட்டியலும் இல்லை. ஆனாலும் மூன்று விஷயங்களைப் பெரும்பாலும் பார்க்கலாம். ஒன்று, தெய்வங்கள் பல. பெண் தெய்வத்துக்குச் சம இடம் அல்லது கூடுதல் இடம். இரண்டு, இயற்கை புனிதமானது. பருவம் மாறுவதும் நிலா தேய்ந்து வளர்வதும் விழாவுக்கான காரணங்கள். மூன்று, நம்பிக்கையைவிடச் சடங்கு முக்கியம். என்ன நம்புகிறாய் என்பதைவிட என்ன செய்கிறாய் என்பதே கேள்வி.

சாத்தான்? சாத்தான் கிறிஸ்தவக் கதையின் பாத்திரம். விக்காவிலோ ட்ரூயிட் மரபிலோ அவருக்கு வேலையே இல்லை. 1966-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'சர்ச் ஆஃப் சேட்டன்' முற்றிலும் வேறு அமைப்பு.

அப்போ இதெல்லாம் டூப்ளிகேட்டா?

வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999-இல் வெளியிட்ட 'தி ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்' புத்தகம், விக்கா 20-ஆம் நூற்றாண்டில் உருவான மதம் என்பதை விரிவாகக் காட்டியது. பேகன்களில் பலர் இதை ஏற்றுக்கொண்டார்கள். சிலருக்குக் கோபமும் வந்தது. இன்றைக்கு விவரம் தெரிந்த ஒரு விக்காக்காரரிடம் கேட்டால், "எங்கள் மதம் புதுசுதான், பழைய விஷயங்களிலிருந்து எடுத்துக் கட்டியிருக்கிறோம்" என்று தயங்காமல் சொல்வார்.

எல்லா மதமும் ஒரு காலத்தில் புதிதுதான். 70 வருட மதம் என்பதால் ஒருவருடைய பிரார்த்தனை பொய்யாகிவிடாது. பிரச்சினை, புதியதைப் பழையது என்று பொய் சொல்லி விற்கும்போது வருகிறது. அந்தப் பொய்யோடு 'ரத்தம்', 'மண்' என்ற சொற்களும் சேர்ந்துகொண்டால் ஆபத்து.

இருட்டான பக்கம்

ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த இனவாதக் குழுக்கள் பழைய நார்டிக் தெய்வங்களையும் ரூன் எழுத்துகளையும் 'தூய இனத்தின்' அடையாளமாக்கின. ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் சின்னமே இரண்டு ரூன் எழுத்துகள்தான். இன்றும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெள்ளை இனவாதிகள் தோரின் சுத்தியலைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கொம்புத் தொப்பியோடு நின்றவரின் உடம்பிலும் அந்தச் சின்னம் இருந்தது.

ஹீத்தன் உலகம் இதனால் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வட ஐரோப்பிய ரத்தம் உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தத் தெய்வங்கள் என்கிறது ஒரு தரப்பு. யார் கூப்பிட்டாலும் தெய்வம் வரும் என்கிறது இன்னொரு தரப்பு. அமெரிக்காவின் 'ஆசத்ரு ஃபோக் அசெம்பிளி' என்ற அமைப்பு முதல் நிலைப்பாட்டை வெளிப்படையாக அறிவித்தபோது, 2016-இல் பல நாட்டு ஹீத்தன் அமைப்புகள் சேர்ந்து, இனி அவர்களோடு எந்த உறவும் இல்லை என்று கையெழுத்திட்டன. ஐஸ்லாந்து அமைப்பும் இனவாதத்தை வெளிப்படையாக எதிர்க்கிறது.

ஸ்லாவ் நாடுகளில் 'வெலஸின் புத்தகம்' என்று ஒரு நூல் சுற்றுகிறது. பழங்கால மரப்பலகை ஏடு என்று நம்புகிறார்கள். மொழியியல் அறிஞர்கள் அதை நவீனப் போலி என்கிறார்கள். ஆனாலும் 'நாங்கள்தான் மூத்தகுடி' என்று சொல்ல விரும்புபவர்களுக்கு அது வேதமாகிவிட்டது. தங்கள் இனத்தின் தொன்மையை ஆதாரத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு போகும் ஆசை எந்த ஊருக்கும் புதிதில்லை. நமக்கும் பழக்கமானதுதான்.

ஒரு கல்லறைக்காக நடந்த போராட்டம்

அங்கீகாரம் என்பது காகிதச் சமாச்சாரம் மாதிரி தெரியலாம். 2005-இல் ஆப்கானிஸ்தானில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் கொல்லப்பட்டார். அவர் விக்கா மதத்தவர். அரசு தரும் நினைவுக்கல்லில் சிலுவை பொறிக்கலாம், யூத நட்சத்திரம் பொறிக்கலாம், நாத்திகருக்கும் தனிச் சின்னம் இருந்தது. விக்காவின் ஐந்துமுனை நட்சத்திரம் மட்டும் பட்டியலில் இல்லை. விக்கா ஒரு மதம்தான் என்று 1986-இலேயே ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தும் இந்த நிலைமை. அவருடைய மனைவியும் மற்றவர்களும் வழக்குப் போட்ட பிறகு, 2007 ஏப்ரலில்தான் அரசு இறங்கிவந்தது. தோரின் சுத்தியல் 2013-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவருக்கே தன் மதத்தை நிரூபிக்க வேண்டிய நிலை என்றால், மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, நாம் பேகன்களா?

ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் உலக மக்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம், மீதி எல்லோரும் 'ஹீத்தன்'. நாம் அந்த நான்காவது மூட்டையில் இருந்தோம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்கு அச்சிட்ட தொடக்ககாலத் தமிழ் வெளியீடுகளில் ஒன்றின் பெயரே 'அக்கியானம்'. அஞ்ஞானம் என்ற சொல்தான் அது. பேகன் வழிபாட்டைக் கண்டிக்கும் 1713-ஆம் ஆண்டு நூல்.

அதே சீகன்பால்கு, நம் தெய்வங்களைப் பற்றி ஐயனார், பிடாரி வரைக்கும் விசாரித்து ஒரு பெரிய நூலும் எழுதினார். ஜெர்மனியிலிருந்த அவருடைய மேலிடம் அதை அச்சிட விரும்பவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், பரப்ப இல்லை என்பது அவர்கள் எண்ணம். அந்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது.

ஆக, பெயர் வைத்தவர்கள் பார்வையில் நாமும் பேகன்கள். ஆனால் ஐரோப்பிய பேகன்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அவர்கள் அறுந்துபோன கயிற்றை மறுபடி முடிச்சுப் போடுகிறார்கள். நம் ஊர் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவது அறுபடவே இல்லை. அதனால் இந்துக்களையோ பழங்குடி மக்களையோ 'பேகன்' என்று அழைப்பதை ஆய்வாளர்கள் இன்று தவிர்க்கிறார்கள்.

அங்கீகாரப் போராட்டம் மட்டும் இங்கேயும் அப்படியே இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 49 லட்சம் பேர் தங்கள் மதம் 'சர்னா' என்று எழுதினார்கள். சால் மரத் தோப்பில் வழிபடும் ஜார்க்கண்ட் வட்டாரப் பழங்குடிகளின் சமயம் அது. ஆறு பெரிய மதங்களுக்கு இருப்பது போல் தனிக் குறியீடு அதற்கு இல்லாததால், 'இதர மதங்கள்' என்ற பெட்டியில் போட்டார்கள். தனிக் குறியீடு கேட்டு ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. அவர்கள் தங்களைப் பேகன் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் லிதுவேனியாவின் ரொமுவா கேட்டதும் இவர்கள் கேட்பதும் ஒன்றுதான்: எங்கள் பெயரை நாங்களே சொல்ல வேண்டும், அரசு அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

'விட்ச்' என்ற சொல்லின் விலை

கொல்கத்தாவின் இப்ஸிதா ராய் சக்ரவர்த்தி தன்னை விக்கா வழி விட்ச் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர். 'பிலவட் விட்ச்' என்று தன் கதையை எழுதினார். படித்த, வசதியான, நகரத்துப் பெண்ணுக்கு அந்தச் சொல் ஒரு சுதந்திரம்.

அதே சொல்லின் இந்திய வடிவமான 'டாயன்', ஜார்க்கண்ட், பிகார், ஒடிசா, அசாம் கிராமங்களில் ஒரு மரண தண்டனை. 2022-இல் சூனியக் குற்றச்சாட்டின் பேரில் நாட்டில் 85 பேர் கொல்லப்பட்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. பெரும்பாலும் விதவைகள், தனியாக வாழும் பெண்கள், கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள் குறிவைக்கப்படுகிறார்கள். பிகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் இதற்கெதிராகச் சட்டம் கொண்டுவந்தன. நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் இல்லை. அசாமில் வாழ்நாள் முழுக்க இந்தக் கொடுமையை எதிர்த்த பிருபாலா ராபாவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒரே சொல். தானே எடுத்து வைத்துக்கொண்டால் அடையாளம். ஊர் கூடி வைத்தால் கொலை. 'பேகன்' என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய இதுதான் கதை.

ரீல்ஸில் அடுத்த முறை பார்த்தால்?

கிரிஸ்டல் வாங்கச் சொல்பவர் வியாபாரி. அவர் வேறு, மதம் வேறு. 'இது 5,000 வருடப் பழைய ரகசியம்' என்று யாராவது சொன்னால், 1950-களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். 'இது எங்கள் ரத்தத்துக்கு மட்டும்' என்று சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். ஆனால் ஒருவர் நிலாவைப் பார்த்துக் கும்பிடுகிறார், மரத்தைச் சுற்றி வருகிறார் என்பதற்காகச் சிரிக்க வேண்டியதில்லை. 300 வருடம் முன்பு நம் பாட்டன் பூட்டன் அதையே செய்தபோது, அதற்கும் 'அஞ்ஞானம்' என்று பெயர் எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள்.